மல்லாந்து கிடத்தல்

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் இருபது லிட்டர் தண்ணி கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் போனேன். கேன் கவிழவில்லை, நான் கவிழ்ந்தேன். இடுப்பில் ஏதோ ‘களுக்’ என்றது. அரைமணி நேரம் கழித்து வலது புட்டத்தில் கிளம்பிய வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி, கால் கட்டைவிரலில் போய் நின்றது. நரம்புக்குள் யாரோ கரண்ட் விட்டு எடுத்ததுபோல இருந்தது.

ஸ்கேன் எடுத்தோம். இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருக்கும் டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி வலது நரம்பை அழுத்துகிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஊரில் இதற்கு ‘ஜவ்வு விலகிருச்சு’ என்று பெயர். அதன்பின் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அறுவை மருத்துவர், “சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே நடந்துரலாம்” என்று தேதியே குறித்துக் கொடுத்தார். இன்னொரு மருத்துவர், “ஆறு வாரம் பொறுங்க, பெரும்பாலும் அதுவே சரியாகும்” என்றார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கட்டு வைத்தியரைத் தெரியும் என்றார் அப்பா. கேரளாவில் இருபத்தோரு நாள் எண்ணெய்க் கிழி போட்டால் போதும் என்று ஆபீஸ் நண்பன் போன் செய்தான். நான்கு பேர் குரலிலும் ஒரே அளவு உறுதி. என்ன முடிவெடுத்தாலும் அதுவரைக்கும் பலகையில் மல்லாந்து படுத்துக் கிட என்பதில் மட்டும் வீட்டில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

கிடந்தேன். திருநகர் வீட்டின் முன்னறையில் மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தபோது தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பழைய மென்பொருள் ஒன்றில் புரியாத வரி இருந்தால் நாங்கள் அதை உடனே அழிக்க மாட்டோம். அந்த வரியை யார், எப்போது, எந்தச் சிக்கலுக்காக எழுதினார்கள் என்று பழைய பதிவுகளைத் தோண்டுவோம். பல நேரம் எழுதியவர் வேலையை விட்டுப் போயே பத்து வருடம் ஆகியிருக்கும், சிக்கலும் போயிருக்கும், வரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ‘முதுகு வலித்தால் படுத்துக் கிட’ என்ற வரியை எழுதியது யார்? ‘வெட்டி எடு’ என்ற வரியை எழுதியது யார்? கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

*

ஓய்வை ஒரு மருந்தாக, அளவு சொல்லிக் கொடுக்கிற மருந்தாக ஆக்கியதில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் ஓய்வையும் வலியையும் பற்றி ஆற்றிய உரைகள் 1863-இல் புத்தகமாக வந்தன. அந்தக் கருத்தை எலும்புகளுக்கும் மூட்டுகளுக்கும் முழுமூச்சாகக் கொண்டுபோனவர் லிவர்பூலில் இருந்த ஹ்யூ ஓவன் தாமஸ். மூட்டில் நோய் என்றால் அதை அசையவிடாமல், இடைவிடாமல், நீண்ட காலம் கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் தொடையெலும்பு முறிவுக்குப் போடுகிற ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ அவருடையதுதான். முதல் உலகப்போரில் அவருடைய மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் அதைப் பரப்பியதால் பிழைத்த சிப்பாய்கள் ஏராளம்.

ஆச்சரியம் என்னவென்றால் இந்தத் தாமஸ் ஒரு கட்டு வைத்தியர் குடும்பத்துப் பிள்ளை. வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டியவர்கள் அவர்கள். அப்பா இவான் தாமஸ் பட்டம் இல்லாமல் லிவர்பூலில் வைத்தியம் பார்த்து, உள்ளூர் டாக்டர்களால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர். பிள்ளைகளாவது முறையாகப் படிக்கட்டும் என்று அவர் அனுப்பி வைத்ததில் ஹ்யூ மருத்துவரானார். ஆக, நவீன எலும்பு மருத்துவத்தின் வேர்களில் ஒன்று உசிலம்பட்டி வைத்தியரின் பங்காளி வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அதத்தானே நானும் சொல்றேன், வண்டியப் பேசுறேன்” என்றார்.

ஆனால் தாமஸ் காலத்தில் முதுகெலும்பைத் தாக்கிய முக்கிய நோய்களில் ஒன்று டிஸ்க் பிதுக்கம் இல்லை, காசநோய். முள்ளெலும்பை அரித்து, உடலைக் கூன வைத்து, சில சமயம் காலையும் முடக்கிவிடும். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் அதை விவரித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. கிருமி இன்னதென்று தெரியாத காலம். தெரிந்த பிறகும் கொல்ல மருந்து இல்லாத காலம். அரித்துக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் பாரம் ஏற்றாதே, மாவுக்கட்டுக்குள் படுக்க வை என்பதைத் தவிர மருத்துவரிடம் சொல்ல வேறு என்ன இருந்திருக்கும்? அந்த வரி அன்றைக்கு அர்த்தமுள்ள வரிதான்.

இது எனக்குப் புத்தகச் செய்தி மட்டும் இல்லை. எங்கள் சின்ன அப்பத்தா, அதாவது அப்பத்தாவின் தங்கை, இந்த நோய் வந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண். நெஞ்சிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டு, ஊசியும் மாத்திரையும் கொடுத்து, பதினாலு மாதம் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். எழுந்தபோது நோய் போயிருந்தது, சின்னதாக ஒரு கூன் தங்கிவிட்டது, பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. எங்கள் வீட்டு நெல் கணக்கு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் இன்றும் மனக்கணக்காகப் போடுகிறவர் அவர்தான்.

*

காசநோய்க்குப் படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கை கட்டடங்களாகவும் நின்றது. சானடோரியம் என்ற சொல்லைச் சென்னைக்காரர்கள் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக அறிவார்கள். அங்கே தாம்பரம் காசநோய் மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜன் 1917-இல் நோயாளியாகத் தங்கியிருக்கிறார். மதுரைக்காரர்களுக்கு ஆஸ்டின்பட்டி. திருமங்கலம் சாலையில் தோப்பூர்ப் பக்கம், பொட்டல் காட்டில், காற்றோட்டமாக நிற்கிற அரசு காசநோய் மருத்துவமனை. ‘ஆஸ்டின்பட்டிக்குப் போயிட்டாரு’ என்று சொன்னால் என் சின்ன வயதில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஊர் சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. அப்போது மருந்து வந்துவிட்டது, படுக்கைதான் போதவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் இத்தனை பேருக்கு எங்கே கட்டில் போடுவது? அதனால் ஒரு கேள்வி கேட்டார்கள். மருந்து ஒன்றே, இடம் மட்டும் வேறு என்றால் என்ன ஆகும்?

நகரத்தின் ஏழை நுரையீரல் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது: நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. மறு பாதி வீட்டிலேயே இருந்தது: ஒண்டுக்குடித்தனம், குறைந்த சாப்பாடு, முடிந்தவர்களுக்கு அன்றாட வேலை. இரு பாதிக்கும் ஓராண்டு ஒரே மாத்திரைகள். எங்கள் ஆபீஸில் ஒரு பொத்தானின் நிறத்தை முடிவு செய்யக்கூட இதே மாதிரிப் பயனர்களைக் குலுக்கிப் பிரிப்போம். இவர்கள் பிரித்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில். 1959-இல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தன. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. கட்டில் மருந்தாக இருக்கவில்லை, மருந்துதான் மருந்து. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம்.

அது நுரையீரல். முதுகெலும்பைப் பற்றி இதே கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. கொரியாவில் மாசான் நகரில் ஒரு குழுவை ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, இன்னொரு குழுவை மருந்தோடு நடமாட விட்டார்கள். பூசானில் ஒரு குழுவுக்கு மாவுக்கட்டு போட்டு, மற்றொன்றுக்குப் போடாமல் விட்டார்கள். 1973-இல் முதல் அறிக்கை வந்தது. படுக்கையாலும் பயன் இல்லை, மாவுக்கட்டாலும் பயன் இல்லை. பிறகு 1975-இல் சென்னை மையமே களத்தில் இறங்கியது. இம்முறை எதிரெதிரே நின்றவை அறுவையும் நடமாட்டமும். அரித்த எலும்பை முன்பக்கமாகத் திறந்து சுரண்டி எடுத்து ஒட்டெலும்பு வைக்கும் பெரிய ஆபரேஷன், கூடவே மருந்து என்பது ஒரு பக்கம். நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து மட்டும் என்பது மறுபக்கம். பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மருந்து மட்டும் எடுத்து நடந்தவர்கள் அறுவை செய்தவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு அறையைக்கூட நடந்து கடக்க முடியாத அளவுக்குக் கால் முடங்கியவர்களை இந்தச் சோதனைகளில் சேர்க்கவில்லை. அதனால் ‘முதுகுக்கு ஆபரேஷனே வேண்டாம்’ என்று இதற்குப் பொருள் கிடையாது. நடக்க முடிகிறவனை எதற்காகப் படுக்க வைக்கிறாய், எதற்காக வெட்டுகிறாய் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவரின் பக்கம் வந்தது என்பதுதான் பொருள்.

இந்தத் தேதிகளைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வலி ஒரு காரணம். சின்ன அப்பத்தா மாவுக்கட்டுக்குள் கிடந்த பதினாலு மாதம் இன்னொரு காரணம். அவருக்குப் போட்ட ஊசியும் மாத்திரையும்தான் அவரைக் காப்பாற்றின. அந்தப் படுக்கை ஒருவேளை தேவைப்பட்டிருக்காது. அவருக்குச் சிகிச்சை செய்தவர்கள்மேல் குற்றம் இல்லை, அன்றைய அறிவு அதுதான். சேத்துப்பட்டில் கேட்கப்பட்ட கேள்வியை முதுகெலும்புக்கும் யாராவது பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் அவர் எஸ்எஸ்எல்சி முடித்திருப்பார்.

*

இனி என் ஜவ்வு. டிஸ்க்கை வெட்டி எடுக்கும் வரியை எழுதியது 1934. பாஸ்டனில் நரம்பு அறுவை மருத்துவர் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் பாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. 1932 டிசம்பரில் ஒரு இளைஞரின் முதுகைத் திறந்து, நரம்பை அழுத்திய சிறு கட்டியை எடுத்திருந்தார்கள். குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்ததை நுண்ணோக்கியில் பார்த்தால் அது கட்டியே இல்லை, பிதுங்கிய டிஸ்க். பழைய ஜாடிகளில் ‘கட்டி’ என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் பல டிஸ்க்குகளே. காலங்காலமாகக் காலில் இறங்கிய வலிக்கு, கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் வெட்டினார்கள், நிறையவே வெட்டினார்கள்.

காரணம் கண்ணில் தெரிவதில் ஒரு ஆபத்து உண்டு. எம்ஆர்ஐ வந்த பிறகு, 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் குறைந்தது ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. வலியில்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வு, இருபது வயதுக்காரர்களிலேயே முப்பது சதவீதம் பேருக்கு டிஸ்க் உப்பல் இருக்கும் என்றது. நரை மாதிரிதான். ரிப்போர்ட்டில் இருக்கிற எல்லாமே நோய் இல்லை.

என்னுடையது வெறும் உப்பல் இல்லை, நரம்பை உண்மையாகவே நெருக்கியிருந்தது. அதற்கு நான் தேடிய பதில் ஓஸ்லோவிலும் லைடனிலும் கிடைத்தது. நார்வேயின் ஹென்ரிக் வெபர், வெட்டுவதா வேண்டாமா என்று இழுபறியாக இருந்த 126 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பத்து வருடம் பின்தொடர்ந்து 1983-இல் எழுதினார். ஒரு வருடத்தில் வெட்டியவர்கள் நன்றாக இருந்தார்கள். நாலாவது வருடத்தில் வித்தியாசம் குறிப்பிடும்படி இல்லை. பத்தாவது வருடத்தில் இரு தரப்பும் ஒன்றே. 2007-இல் நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கால்வலியோடு இருந்த 283 பேரை இதே மாதிரி சோதித்தார்கள். உடனே வெட்டியவர்கள் பாதிப் பேர் நாலு வாரத்தில் தேறினார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு அதே அளவு தேறப் பன்னிரண்டு வாரம் பிடித்தது. வருட முடிவில் இரு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சரியாகியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் வலி தாங்காமல் அந்த வருடத்துக்குள் வெட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதாவது என் போன்றவனுக்கு அறுவை தருவது குணத்தை அல்ல, காலத்தை. எட்டு வாரத்தை முன்கூட்டி வாங்கித் தருகிறது. தினக்கூலிக்காரருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய தாய்க்கு அந்த எட்டு வாரம் பெரிய சொத்து. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எனக்கு அந்த அவசரம் இல்லை.

படுக்கை? 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டியோ குழு 203 முதுகுவலிக்காரர்களைப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு நாள், மறு பாதியை ஏழு நாள் படுக்கச் சொன்னது. ஏழு நாளால் கூடுதலாகக் கிடைத்தது விடுப்பு மட்டும்தான். 1995-இல் ஹெல்சிங்கியில், படுக்காமல் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். இதைப் படித்தபோது நான் பலகையில் மல்லாந்து பதினோராவது நாள்.

*

கட்டு வைத்தியரை எங்கே வைப்பது? ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய கட்டுச்சாலைகள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளை, மூங்கில் தப்பை. கை கால் முறிவில் அசையாமல் கட்டுவது பல எலும்புகளைச் சேர்க்கத்தான் செய்யும், தாமஸ் செய்ததும் அதுதானே. தெற்கே போனால் வர்ம ஆசான்கள், நாட்டு மருந்துக்கடைத் தைலங்கள், நொச்சி ஒத்தடம். 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு வைத்தியங்களைப் பற்றி விசாரித்தது. நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் பல மொழிகளில் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1923-இல் அறிக்கை வந்தது, சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது, 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும் வந்தது. அந்த விசாரணையின் பெரிய விவாதம், இவை அறிவியல்தானா என்பது. சேத்துப்பட்டுக்காரர்கள் கேட்ட மாதிரி இருநூறு பேரைக் குலுக்கிப் பிரித்து, ‘யார் தேறினார்கள்’ என்ற எளிய கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. அந்தக் கேள்விக்கு ஆங்கில மருத்துவம் மேல், நாட்டு மருத்துவம் கீழ் என்ற பேதம் கிடையாது. ஓய்வையும் ஆபரேஷனையும் நிறுத்தி விசாரித்ததும் அதே கேள்விதான்.

டிஸ்க் விஷயத்தில் எல்லா வைத்தியருக்கும் ஒரு சாதகம் இருக்கிறது. பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அதிகமாக வெளியே வந்ததுதான் அதிகமாகக் கரைகிறது என்று தொடர்ந்து எடுத்த படங்கள் காட்டுகின்றன. ஆறாவது வாரம் யார் வீட்டு வாசலில் நிற்கிறோமோ அவருக்குப் பெயர் போகும். உசிலம்பட்டிக்காரருக்கும் போகும், கேரளக் கிழிக்கும் போகும், ஊசி போட்ட டாக்டருக்கும் போகும்.

ஆனால் யார் வாசலிலும் நிற்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் பிரியவில்லை, இரு தொடைக்கும் நடுவே மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியாமல் நாளுக்கு நாள் பலம் குறைகிறது என்றால் அது ஆராய்ச்சிக்கான நேரம் இல்லை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் அன்றைக்கே அறுவை.

அந்த எல்லைக்கு அப்பால் போனவர்களின் வரலாறும் கட்டிலிலிருந்து எழுந்ததன் வரலாறுதான். தண்டுவடம் அறுந்தவர்கள் படுக்கைப் புண்ணில் செத்துப்போவது விதி என்று இருந்ததை, 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் மாற்றத் தொடங்கினார். வேலூரில் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அவர் முதுகு சரியாகவே இல்லை. ஆனால் அவர் கிடக்கவில்லை.

*

பன்னிரண்டாம் நாள் எழுந்தேன். வாசலில் இருந்து தெருமுனை பிள்ளையார் கோயில் வரை போய் வந்தேன். மறுநாள் இரண்டு தடவை. குறித்த தேதிக்கு நாலு நாள் முன்பு அறுவை மருத்துவரைப் பார்த்து, கட்டைவிரல் பலம் குறையவில்லை, ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கால் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, எப்போது ஓடி வர வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபி போனேன். நொச்சி ஒத்தடமும் கொடுத்துக்கொண்டேன், சுகமாக இருந்தது. உசிலம்பட்டிக்கு மட்டும் போகவில்லை. அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

பதினோராவது வாரம் வலி விட்டது. கட்டைவிரலில் லேசான மரப்பு இன்னும் இருக்கிறது. என் முடிவு சரி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆளை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க முடியாதே. என்னோடு வேலை பார்ப்பவர் இதே டிஸ்க்குக்கு அறுவை செய்து மூன்றாவது வாரம் ஆபீஸ் வந்தார். அவருக்கு அது சரி.

தீபாவளிக்குச் சின்ன அப்பத்தா வந்திருந்தார். தயங்கித் தயங்கிச் சென்னை, கொரியா கதையெல்லாம் சொன்னேன். படுக்க வைக்காமலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தியிருக்கலாம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“எந்த வருசம் கண்டுபிடிச்சாய்ங்க?”

“எழுபத்து மூணு, அப்பத்தா.”

மனதுக்குள் ஏதோ கழித்துப் பார்த்தார். “எனக்கு அப்ப இருவத்தேழு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கப்புறம் வந்த புள்ளைகளப் படுக்கப் போடலைல?”

“போடல.”

“சரி, அந்த எண்ணெய்ச் சட்டிய எடு. குனியாத, உக்காந்து எடு.”